கொடுத்துச் சிவந்த கை

தன் பொருளைத் தனக்கென வைத்துக்கொள்ளாதவனை உலகம் பித்தன் என்றே அழைக்கும். அமெரிக்காவில் பேசும்படம் தோன்றிப் பத்தாண்டு நிரம்பாத 1936ஆம் ஆண்டில், இக்கருத்தை வைத்துப் பிராங்க் காப்ரா ஒரு நகைச்சுவைப் படம் இயக்கினார். ‘மிஸ்டர் டீட்ஸ் கோஸ் டு டவுன்’ என்பது அதன் பெயர். சிற்றூர்வாசி ஒருவனுக்கு 2 கோடி டாலர் சொத்து வந்து சேர்கிறது. அதை வாழ்விழந்த உழவர்க்கு வழங்க முற்படுகிறான். அறிவு பிறழ்ந்தவன் என்று அவனை வழக்குமன்றத்தில் நிறுத்துகின்றனர்.

அக்கதையைத் தழுவி அறிஞர் அண்ணா எழுதிய ‘நல்லதம்பி’ 1949இல் வெளிவந்தது. அதன் நாயகர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். அவ்வேடம் அவருடைய வாழ்க்கையின் நிழலே ஆகும்.

நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் 29.11.1908 அன்று எளிய குடும்பத்தில் பிறந்தார் அவர். வறுமை பள்ளிப்படிப்பைத் தடுத்தது. வில்லுப்பாட்டும் நாடகமும் அவருக்குப் பள்ளியாயின. டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் வளர்ந்தார். அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘சதிலீலாவதி’யில் 1936இல் நடித்தார். டி.ஏ. மதுரம் அவருக்குக் கலையிலும் இல்லறத்திலும் துணையானார்.

புகழின் உச்சியில் இடி விழுந்தது. இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944இன் இறுதியில், எம்.கே. தியாகராஜ பாகவதருடன் கைதானார். தண்டனையும் பெற்றார். இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்ற வழக்கில் 1947இல் விடுதலை கிடைத்தது. சிறை பாகவதரின் ஒளியை மங்கச் செய்தது. கலைவாணரின் சிரிப்பையோ ஆழமாக்கியது.

அவ்வாழத்தை ‘நல்லதம்பி’யில் காணலாம். நம் சோழநாட்டு நந்தனார் இறைவனைக் காண ஏங்கினார். கலைவாணரின் ‘கிந்தனார்’ காலட்சேபத்திலோ, ஒடுக்கப்பட்ட குலச் சிறுவன் கல்விக்கு ஏங்கி உயர்கிறான். மதுவிலக்கையும் அப்படம் வலியுறுத்திற்று. காரைக்கால் மக்களாகிய நாம் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி இது. சென்னை மாகாணம் முழுவதும் 1948இல் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தபோது, நம் மண் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது; அச்சட்டம் வாஞ்சூர் எல்லையோடு நின்றுவிட்டது. சட்டம் நுழையாத இடத்தில் மனம் மாறினால்தான் உண்டு. மனத்தை மாற்ற வைதலைவிடச் சிரிக்கவைத்தல் சிறந்த வழி என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஈட்டியதை எல்லாம் கேட்டவர்க்குக் கொடுத்தார். இறுதிக் காலத்தில் கொடுக்கப் பொருளில்லை. கொடுக்கும் குணம் மட்டும் குறையவில்லை. 30.8.1957 அன்று, 48ஆம் வயதில் மறைந்தார்.

திரைப்படத்தில் வழக்குமன்றம் அந்த வள்ளலைப் பித்தனல்லன் என்று தீர்த்து, அவன் செல்வத்தையும் அவனிடமே விட்டது. வாழ்க்கை கலைவாணருக்கு அம்முடிவை அளிக்கவில்லை. எனினும் அவரைப் பித்தர் என்று இன்று எவரும் சொல்வதில்லை. அன்று சேர்த்து வைத்தோர் பலர் மறக்கப்பட்டனர். கொடுத்துத் தீர்த்தவர் நினைவில் நிற்கிறார்.