பழைய வண்டியும் பர்ட் மன்ரோவும்

இந்தியன் என்ற பெயரைக் கேட்டதும் நம் நாட்டுச் சரக்கு என்று எண்ணிவிட வேண்டாம். அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் தயாரான மோட்டார் சைக்கிளின் பெயர் அது. அந்தக் கம்பெனியின் ஸ்கவுட் ரக வண்டி ஒன்றை 1920-ஆம் ஆண்டில் நியூஜிலாந்து வாலிபர் ஒருவர் வாங்கினார். அவர்தான் பர்ட் மன்ரோ.

மன்ரோ 1899-இல் பிறந்தவர். நாட்டின் தென்கோடியிலுள்ள இன்வர்கார்கில் பகுதிக்காரர். அவர் வாங்கிய வண்டி மணிக்கு 55 மைல் வேகத்துக்கு மேல் போகாது. வேறொருவராக இருந்தால் அதை விற்றுவிட்டுப் புதியது வாங்கியிருப்பார். மன்ரோவோ 1926-இல் அதைத் திருத்தத் தொடங்கினார். சாகும் வரை அந்த வேலை ஓயவில்லை என்றே சொல்லலாம்.

பகலில் மோட்டார் சைக்கிள் விற்கும் வேலை, இரவில் பட்டறை. பணமோ கருவிகளோ அதிகம் கிடையாது. காலி டப்பாக்களை அச்சாக வைத்து உலோகத்தை உருக்கி ஊற்றி பிஸ்டன் வார்த்தார். டிராக்டர் இருசைச் செதுக்கி கனெக்டிங் ராடு செய்தார். அளவு பார்க்கச் சக்கரத்தின் பழைய கம்பி ஒன்றே போதுமானதாயிற்று. உடைந்த பாகங்களை எறியாமல் அலமாரியில் அடுக்கி, அவை வேக தெய்வத்துக்குத் தாம் செலுத்திய காணிக்கை என்று எழுதி வைத்தார்.

காணிக்கை இரும்போடு நிற்கவில்லை. 1925-இல் மணந்த மனைவியும் நான்கு குழந்தைகளும் இருந்த குடும்பம் அது. 1947-இல் விவாகரத்தாயிற்று. பிறகு மன்ரோவுக்கு வண்டிக் கொட்டகையே வீடாயிற்று.

வயது ஏறியது, மார்வலியும் வந்தது. அப்படியும் 1962-இல், 63-ஆம் வயதில், கடல் கடந்து அமெரிக்காவின் யூட்டா மாகாணத்திலுள்ள பான்வில் உப்பு வெளிக்குப் போனார். கண்ணுக்கெட்டிய தூரம் உப்புப் பாளம் விரிந்த இடம் அது. மீன் போன்ற கூட்டுக்குள் படுத்தபடி ஓட்டி, மணிக்கு 178.97 மைல் வேகத்தில் தம் பிரிவில் சாதனை படைத்தார். 1967-இல் 68 வயதுக் கிழவராக மறுபடி வந்து, 1,000 சி.சி.க்கு உட்பட்ட பிரிவில் போக வர இரு ஓட்டங்களின் சராசரியாக 183.586 மைல் என்ற புதிய சாதனையைப் பதிவு செய்தார். வண்டிக்கு அப்போது 47 வயது!

1977-இல் பக்கவாதம் தாக்கியது. கைகால்கள் சொன்னபடி கேட்கவில்லை. வண்டிகள் சொந்த ஊரைவிட்டுப் போகக் கூடாதென்று உள்ளூர் வியாபாரி ஒருவருக்கே விற்றார். 1978 ஜனவரி 6-இல் காலமானார்.

கதை அத்துடன் முடியவில்லை. 1967-இல் சராசரி கணக்கிட்டவர்கள் தவறு செய்திருப்பதை மன்ரோவின் மகன் பிற்காலத்தில் கண்டுபிடித்தார். 2014-இல் அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கம் கணக்கைத் திருத்தி, சாதனை 184.087 மைல் என்று அறிவித்தது. தந்தையின் இரவுகளையெல்லாம் அந்த வண்டி எடுத்துக்கொண்டது. இறந்து 36 ஆண்டுகளுக்குப் பிறகு தந்தைக்குச் சேர வேண்டிய அந்த அரை மைலை வாங்கித் தந்தவரோ மகன்!