அழித்து எழுதும் சிப் தந்த ராஸ் ஃப்ரீமன்



எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறவர்களுக்கு எஃப்.பி.ஜி.ஏ. கிட் புதிதல்ல. காலையில் கவுண்டராக இருக்கும். மத்தியானம் வேறு புரோகிராம் ஏற்றினால் அதே சிப் ஆடர் ஆகிவிடும். ஒரு இடத்தில்கூட சால்டர் வைக்க வேண்டாம். இந்த வசதியைத் தந்தவரைப் பற்றி நாலு வார்த்தை எழுத ஆசைப்படுகிறேன்.

ராஸ் ஃப்ரீமன் 1948-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்தார். 1969-ல் இயற்பியல் பட்டமும், 1971-ல் இல்லினாய்ஸில் முதுகலைப் பட்டமும் பெற்றார். ஆப்பிரிக்காவில் கானா நாட்டுக்குத் தொண்டராகப் போய்க் கணக்கும் சொல்லிக் கொடுத்தார். பிறகு ஸைலாக் கம்பெனியில் சேர்ந்தார். ஆமாம், இஸட்-80 மைக்ரோபிராசஸர் செய்த அதே ஸைலாக்தான்!

அந்தக் காலத்தில் ஒரு வேலைக்கென்று தனி சிப் வேண்டுமென்றால் மாஸ்க் செய்து, மாசக்கணக்கில் காத்திருக்கணும். டிசைனில் ஒரு தப்பு வந்தால் அத்தனை பணமும் வீண். காலி லாஜிக் பிளாக்குகளையும், அவற்றை இணைக்கும் வயர்களையும் முதலிலேயே சிப்பில் போட்டுவிட்டு, இணைப்பை மட்டும் வாங்குகிறவன் முடிவு செய்தால் என்ன என்று யோசித்தார் ஃப்ரீமன். இதற்கு ஏராளமான டிரான்சிஸ்டர்கள் தேவை. அதில் பாதி சும்மா கிடக்கும். டிரான்சிஸ்டரைத் தங்கம் மாதிரி எண்ணிச் செலவழித்த காலத்தில் இது ஊதாரித்தனமாகத் தெரிந்தது. அவரோ, வருஷத்துக்கு வருஷம் டிரான்சிஸ்டர் விலை இறங்கும், அதனால் வீணாவதைப் பற்றிக் கவலையில்லை என்று கணக்குப் போட்டார்.

ஸைலாக் பணம் போட முன்வரவில்லை. ஃப்ரீமன் வேலையை விட்டார். ஜேம்ஸ் பார்னெட், பெர்னார்ட் வாண்டர்ஷ்மிட் இருவரோடும் சேர்ந்து 1984-ல் ஸைலிங்ஸ் கம்பெனியைத் தொடங்கினார். சொந்தத் தொழிற்சாலை கிடையாது. ஜப்பானில் சீக்கோ செய்து கொடுத்தது. 1985-ல் எக்ஸ்.சி.2064 வெளிவந்தது. அதில் 64 பிளாக்குகள். ஒவ்வொன்றிலும் நாலு இன்புட்டுக்கான 16 வரி ட்ரூத் டேபிளை மெமரியில் எழுதலாம். நாம் நோட்டில் எழுதும் அதே டேபிள்தான், அங்கே சர்க்யூட்டாகவே வேலை செய்தது!

1989 செப்டம்பர் 26-ல் அவருக்குப் பேட்டன்ட் கிடைத்தது. ஒரு மாதம்கூட ஆகவில்லை, அக்டோபர் 22-ல் ஃப்ரீமன் மறைந்தார். வயது 41.

அதே காலத்தில் மேரிலாந்தில் ஓர் ஆராய்ச்சி நிலையம் 32 ஸைலிங்ஸ் சிப்புகளை வரிசையாகக் கோத்து 'ஸ்பிளாஷ்' என்ற போர்டைச் செய்தது. டி.என்.ஏ. வரிசைகளை ஒப்பிடும் வேலையில் அது கிரே-2 சூப்பர் கம்ப்யூட்டரையே முந்தியது. கிளாக் வேகத்தால் அல்ல. அந்த ஒரு வேலைக்கென்றே சர்க்யூட் அமைந்தது. கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் படிக்கிற வேலை இல்லை. எல்லா சிப்பும் ஒரே நேரத்தில் உழைத்தன. 2004-ல் கிரே கம்பெனியே தன் எக்ஸ்.டி.1 மெஷினில் ஸைலிங்ஸ் சிப்பைச் சேர்த்தது. 2009-ல் அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர்கள் மன்றம் ஃப்ரீமன் பெயரைச் சேர்த்துக்கொண்டது. அந்தக் கௌரவத்தைப் பார்க்க அவர் இல்லை.

நண்பர்களே, இன்றைய விலையை வைத்து ஒரு யோசனையைத் தள்ளிவிடாதீர்கள். பத்து வருஷம் கழித்து எது மலிவாகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஃப்ரீமன் செய்தது அவ்வளவுதான். ஆனால் அந்தக் கணக்கை நம்பி வேலையையே விட்டார்.