மர்ஹூம் டி. பி. ஜாயா

இலங்கை முஸ்லிம்கள் என்றும் நன்றியோடு நினைவுகூரும் பெரியார்களுள் ஒருவர் மர்ஹூம் துவான் புர்ஹானுத்தீன் ஜாயா அவர்கள். 1890-ஆம் ஆண்டு கண்டியை அடுத்த கலகெதரையில், மலாய் முஸ்லிம் குடும்பமொன்றில் பிறந்தார். ஆசிரியத் தொழிலை விரும்பி ஏற்று, கொழும்பில் பௌத்தர்களின் ஆனந்தா கல்லூரியில் போதித்து நற்பெயர் பெற்றார்.

1921-இல் கொழும்பு ஸாஹிரா கல்லூரியின் அதிபரானார். அறிஞர் சித்தி லெப்பை முதலிய பெரியோர் 1892-இல் தொடங்கிய அக்கலாசாலை அப்போது நலிந்து கிடந்தது. 27 ஆண்டுகள் அயராது உழைத்து, அதை நாட்டின் சிறந்த கல்லூரிகளுள் ஒன்றாக உயர்த்தினார். கம்பளை, மாத்தளை, புத்தளம், அளுத்கம ஆகிய ஊர்களிலும் கிளைகள் தோன்றின. ஆங்கிலம் படித்தால் மார்க்கம் போய்விடும் என்று அஞ்சிய பெற்றோரும் பிள்ளைகளை அனுப்பலாயினர்.

1924-இல் சட்ட நிரூபண சபைக்குத் தேர்வானார். முஸ்லிம்களின் பிரதிநிதித்துவத்திற்காக நெடுங்காலம் வாதாடியவர் அவர். ஆயினும் 1945-இல், சுயாட்சி பற்றிய தீர்மானம் அரசாங்க சபைக்கு வந்தபோது பேரம் பேசவில்லை. தம் சமூகத்தின் கோரிக்கைகளை விட நாட்டின் விடுதலையே முந்தியது எனக் கூறி ஆதரித்தார். கையிலிருந்த துருப்பை விட்டுவிட்டார் என வருந்தியோரும் உண்டு. சகோதர சமூகங்களின் நம்பிக்கையை ஈட்டித் தந்தார் எனப் போற்றியோரும் உண்டு.

1947-இல் மத்திய கொழும்புத் தொகுதியில் வென்று தொழில், சமூக சேவை அமைச்சரானார். 1950-இல் பாகிஸ்தானுக்கான முதல் இலங்கைத் தூதராகச் சென்றார்.

ஹஜ்ஜை நாடிப் புறப்பட்டவர், 1960 மே 31 அன்று மதீனா மாநகரில் வஃபாத்தானார். ஜன்னத்துல் பகீஃயில் நல்லடக்கம் செய்யப்பட்டார். பதவிகள் கடந்து போயின. அவர் கற்பித்த கல்வி தலைமுறைகளாய்ப் பயன் தருகிறது. அல்லாஹ் அன்னாரின் நற்பணிகளை ஏற்றருள்வானாக! ஆமீன்.