தன் நாட்டில் தங்க முடியாமல் போன ஒரு டெனிஷ்காரர்

நமது பெற்றோரில் பலர் சீனி வருத்தத்துக்காக 'ஸ்டேனோ' நிலையத்துக்குப் போய் வருகிறார்கள். கொப்பன்ஹேகன், ஓடென்ஸ, ஓகூஸ் என்று பல இடங்களில் அந்தப் பெயர் இருக்கிறது. அது ஏதோ மருந்துக் கம்பனியின் பெயர் என்றே நாங்கள் வெகுகாலம் நினைத்திருந்தோம்.

போன கோடை விடுமுறையில் யூலண்டில் உள்ள ஓம் குளோஸ்டரைப் பார்க்கப் போனோம். நம் காதுக்கு ஓம்காரம் போலக் கேட்கும் இந்தப் பெயர், 1172 இல் தொடங்கிய ஒரு கத்தோலிக்கத் துறவியர் மடத்தினுடையது. இரண்டு ஏரிகளுக்கு நடுவே இன்று அத்திவாரக் கற்களும், மூலிகைத் தோட்டமும், துறவிகளின் எலும்புக்கூடுகள் வைத்த சிறிய அருங்காட்சியகமும்தான் எஞ்சியுள்ளன. 1536 இல் டென்மார்க் லூதரன் சமயத்துக்கு மாறியது. 1560 இல் மடம் மூடப்பட்டது. அதன் கற்களைக் கொண்டுபோய் ஸ்கனபோ அரண்மனையைக் கட்டினார்கள். அதற்குப் பிறகு கத்தோலிக்கராக இருக்க விரும்பிய டெனிஷ்காரர்கள் என்ன செய்தார்கள் என்று மகள் கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் தேடியபோதுதான் நீல்ஸ் ஸ்டேன்சனைக் கண்டோம். அவருடைய பெயரின் லத்தீன் வடிவத்திலிருந்து வந்ததே ஸ்டேனோ.

1638 இல் கொப்பன்ஹேகனில் ஒரு பொற்கொல்லரின் மகனாகப் பிறந்தார். ஆறு வயதில் தகப்பன் இறந்துபோனார். பல்கலைக்கழகத்தில் படிக்கும் காலத்தில் சுவீடன் படை நகரை முற்றுகையிட்டது. முற்றுகையும் குண்டுவீச்சும் படிப்பை எப்படிக் குழப்பும் என்று நமக்குச் சொல்லத் தேவையில்லை. 1660 இல் ஒல்லாந்துக்குப் போனார். யாழ்ப்பாணக் கோட்டையை 1658 இல் பிடித்த அதே ஒல்லாந்தரின் நாடுதான். அங்கே ஓர் ஆட்டுத் தலையை அறுத்துப் பார்த்தபோது, காதருகே உள்ள சுரப்பியிலிருந்து வாய்க்கு உமிழ்நீர் வரும் குழாயைக் கண்டுபிடித்தார். மருத்துவ மாணவர்கள் இன்றும் அதை அவர் பெயரால்தான் படிக்கிறார்கள். இதயமும் ஒரு தசைதான் என்று காட்டியவரும் அவரே.

1666 இல் இத்தாலியின் புளோரன்ஸ் நகரை அடைந்தார். அந்த வருடம் மீனவர்கள் பிடித்த ஒரு பெரிய சுறாவின் தலை அவரிடம் வந்தது. மலைகளில் கிடைத்த ஒருவகைக் கற்களை வானத்திலிருந்து விழுந்தவை என்று பலர் நம்பிய காலம் அது. அவை பழைய சுறாக்களின் பற்கள் என்று அவர் விளக்கினார். நிலத்தின் படைகளில் அடியில் இருப்பதே மூத்தது என்று 1669 இல் எழுதினார். இன்றைய புவியியல் அந்த நூலின் மேல்தான் நிற்கிறது.

அவருடைய வாழ்க்கையைத் திருப்பியது ஒரு மடம். புளோரன்ஸின் அன்னலேனா கன்னியர் மடத்து மருந்துச்சாலையைக் கவனித்து வந்தவர் மரியா ஃபிளாவியா என்ற சகோதரி. அங்கே போய்வந்த அவரோடு அந்தச் சகோதரி சமயம் பற்றிப் பேசத் தொடங்கினார். 1667 இல் ஸ்டேன்சன் கத்தோலிக்கரானார். ஒல்லாந்தரின் கெடுபிடியால் மாந்தைச் சனங்கள் மாதா சொரூபத்தோடு வன்னிக் காட்டுக்குள் போனதாக மடுக்கோவில் வரலாறு சொல்வதும் ஏறக்குறைய அந்தக் காலத்தைத்தான். எங்கள் சாமித்தட்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் மடுமாதாவும் இருப்பதால், இது எங்களுக்குத் தூரத்துக் கதையாகத் தெரியவில்லை.

1672 இல் அரசரின் அழைப்பை ஏற்று ஊர் திரும்பினார். அரச உடற்கூற்றியலாளர் என்ற பதவி கிடைத்தது. ஆனால் கத்தோலிக்கர் என்பதால் பல்கலைக்கழகப் பேராசிரியராக முடியவில்லை. இரண்டு வருடத்தில் மீண்டும் புறப்பட்டார். ஊரில் போய் இருந்துவிடலாம் என்று பெட்டி கட்டிப் போய், பிறகு பேசாமல் திரும்பி வந்தவர்கள் நம்மிடையேயும் இருக்கிறார்கள். அவர்களிடம் காரணத்தை நாம் கேட்பதில்லை.

1675 இல் குருவானார். 1677 இல் ஆயராகி, வட ஐரோப்பாவில் சிதறியிருந்த கத்தோலிக்கரைப் பராமரிக்க யேர்மனிக்குப் போனார். மோதிரத்தையும் சிலுவையையும் விற்று ஏழைகளுக்குக் கொடுத்தார். மூன்ஸ்டர் நகரில் ஆயர் தேர்தலில் பணம் விளையாடியபோது, அதை ஏற்காமல் 1683 இல் அங்கிருந்து வெளியேறினார். அதே வருடம் டென்மார்க்கில் வந்த சட்டத்தின்படி, கத்தோலிக்கராக மாறுபவர் முதுசத்தை இழந்து நாடுகடத்தப்பட வேண்டும். 1686 இல் ஷ்வெரீன் நகரில், வறுமையில், 48 வயதில் இறந்தார். உடலைப் புளோரன்ஸுக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள்.

வரவு செலவு எழுதியே வயிறு வளர்த்தவர்கள் நாங்கள். சாகும்போது அவர் கையிருப்பு ஒன்றுமில்லை. ஆனால் 1849 அரசியலமைப்பு டென்மார்க்கில் சமய சுதந்திரம் கொடுத்தது. 1988 இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். அவர் தங்க முடியாமல் போன நாடு இன்று பாடசாலைக்கும் வைத்திய நிலையங்களுக்கும் அவர் பெயரை வைத்திருக்கிறது.

அடுத்த முறை அம்மாவையோ அப்பாவையோ ஸ்டேனோவுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காத்திருக்கும்போது, பக்கத்தில் பிள்ளைகள் இருந்தால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். எங்கள் மகளுக்கு நாங்கள் அங்கே வைத்துத்தான் சொல்லி முடித்தோம்.