சந்திரனில் கிடக்கும் துணிச் சின்னம்

விண்வெளி வீரர்களின் உடையில், எம்பிராய்டரி செய்த துணிச் சின்னம் ஒன்று இருக்கும். ஒவ்வொரு பயணத்துக்கும் தனிச் சின்னம். அமெரிக்காவில் இந்த வழக்கம் பிறக்கக் காரணமானவர் கஸ் கிரிஸம். அவர் வைத்த ஒரு பெயரால் வந்த வினை அது!

கிரிஸம் 1926-ம் ஆண்டு இந்தியானா மாநிலத்தில் மிட்செல் என்ற சிற்றூரில் பிறந்தார். தகப்பனார் ரயில்வே தொழிலாளி. மகன் என்ஜினீயரிங் படித்தார். கொரியப் போரில் 100 முறை போர் விமானத்தில் பறந்தார். 1959-ம் ஆண்டு அமெரிக்கா தேர்ந்தெடுத்த முதல் 7 விண்வெளி வீரர்களில் அவரும் ஒருவர்.

கடலில் மூழ்கிய கலம்

1961-ம் ஆண்டு ஜூலை 21-ந் தேதி, "லிபர்ட்டி பெல்" என்ற கலத்தில் 15 நிமிடம் பறந்து அட்லாண்டிக் கடலில் இறங்கினார். திடீரென்று கலத்தின் கதவு வெடித்துத் திறந்தது. தண்ணீர் புகுந்தது. கிரிஸம் கடலில் குதித்து நீந்தினார். உடைக்குள்ளும் தண்ணீர் ஏறியது. மூழ்கும் தறுவாயில் ஹெலிகாப்டர் அவரைத் தூக்கியது. கலம் மூழ்கிவிட்டது.

பயந்துபோய் அவரே கதவைத் திறந்துவிட்டார் என்று சிலர் பேசினார்கள். விசாரணையில் அவர் மேல் குற்றம் காணப்படவில்லை. ஆனாலும் ஊர் வாயை மூட முடியுமா?

1965-ம் ஆண்டு மார்ச் மாதம் மறுபடியும் பறந்தார். இந்தக் கலத்துக்கு "மாலி பிரவுன்" என்று பெயர் வைத்தார். அவர் டைட்டானிக் கப்பல் விபத்தில் தப்பிய மாது. கிரிஸம் தன்னைத் தானே கேலி செய்துகொண்டார். அதிகாரிகள் முகம் சுளித்தார்கள். வேறு பெயர் கேட்டார்கள். அப்படியானால் "டைட்டானிக்" என்று வைக்கலாம் என்றார் கிரிஸம்! அதிகாரிகள் பழைய பெயருக்கே இணங்கினார்கள். ஆனால், அதற்குப் பிறகு கலங்களுக்குப் பெயர் வைக்கத் தடை வந்தது.

பெயர் போயிற்று, படம் வந்தது

அதே ஆகஸ்டு மாதம் ஜெமினி-5 கலத்தில் கூப்பர், கான்ராட் இருவரும் பறந்தார்கள். பெயர் வைக்க முடியாததால், ஒரு சின்னம் வரைந்து உடையில் தைத்துக்கொண்டார்கள். பழங்காலத்துக் கூண்டு வண்டியின் படம் அது. எட்டு நாள், இல்லாவிட்டால் தோல்வி என்ற பொருளில் அதில் எழுத்தும் இருந்தது. பயணம் முடியும் வரை அந்த எழுத்தைத் துணியால் மறைக்கும்படி மேலிடம் உத்தரவு போட்டது. சின்னம் மட்டும் நிலைத்துவிட்டது.

கிரிஸமுக்கும் ஒரு சின்னம் கிடைத்தது. அப்பல்லோ-1 கலத்துக்கு அவர்தான் தலைவர். பூமிக்கு மேலே கலம், தூரத்தில் சந்திரன். இதுதான் படம்.

1967-ம் ஆண்டு ஜனவரி 27-ந் தேதி, ஏவுதளத்தில் ஒத்திகை. கலத்துக்குள் தீப்பிடித்தது. அன்று கடலில் தானாகத் திறந்தது கதவு. இன்று திறக்க வேண்டிய நேரத்தில் திறக்கவில்லை. கிரிஸமும், ஒயிட், சாபி என்ற இரு தோழர்களும் மாண்டார்கள். கிரிஸமுக்கு வயது 40.

1969-ம் ஆண்டு ஜூலை மாதம் ஆம்ஸ்டிராங்கும் ஆல்டிரினும் சந்திரனில் இறங்கினார்கள். ஆல்டிரினின் தோள் பையில் அப்பல்லோ-1 சின்னம் இருந்தது. வேலை மும்முரத்தில் அவர் அதை மறந்தே போனார். திரும்ப ஏணியில் ஏறும்போது ஆம்ஸ்டிராங் நினைவூட்டினார். ஆல்டிரின் அதை எடுத்து, சந்திரனின் மண்ணில் போட்டார்.