குண்டுவீச்சு விமானியின் மகன்

ரொறன்ரோவில் அக்கா வீட்டில் தங்கியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்காவின் மகன் சிவப்புச் சட்டையொன்றைப் போட்டுக்கொண்டு தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தான். முதுகில் 58 என்ற இலக்கம். அதற்கு மேல் தோமஸ் என்ற பெயர். அமெரிக்க உதைபந்தாட்டம் எனக்குப் பிடிபடாத விளையாட்டு. பந்தைக் காலால் உதைப்பதே அருமையாக இருக்கும்போது அதற்கு ஏன் உதைபந்தாட்டம் என்று பெயர் வைத்தார்கள் என்று கேட்டுச் சிரித்திருக்கிறேன். மருமகன் சிரிக்கவில்லை. பொறுமையாக விளங்கப்படுத்தினான்.

பந்து வைத்திருக்கும் அணிக்குப் பத்து யார் தூரம் முன்னேற நான்கு வாய்ப்புகள். அந்த அணியின் மூளை குவாட்டர்பேக். பந்தைக் கையில் வாங்கி இரண்டு மூன்று வினாடிக்குள் யாருக்கு எறிவது என்று அவர் முடிவெடுக்க வேண்டும். தடுக்கும் அணியின் முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவர் லைன்பேக்கர். அந்த இரண்டு மூன்று வினாடிக்குள் தன்னை மறிக்கும் பெரிய உடம்புகளைச் சுற்றிக்கொண்டு ஓடி, எறிவதற்கு முன்பே குவாட்டர்பேக்கை விழுத்தினால் அதற்குப் பெயர் சாக். நல்ல ஆட்டக்காரர் ஒருவருக்கு ஒரு போட்டியில் ஒரு சாக் கிடைத்தால் அது நல்ல நாள். இரண்டு கிடைத்தால் மறுநாள் பத்திரிகையில் பெயர் வரும்.

இந்தச் சட்டைக்காரர் ஒரே போட்டியில் ஏழு எடுத்தார் என்றான் மருமகன். அது 1990 ஆம் ஆண்டு. இன்றுவரை எவரும் அதை முறியடிக்கவில்லை. இப்போது எந்த அணியில் இருக்கிறார் என்று கேட்டேன். இறந்து கனகாலம் என்றான். தகப்பனும் போரில் செத்தவராம் என்று, ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான்.

அந்தக் கடைசி வசனம்தான் என்னைத் தேட வைத்தது.

டெரிக் தோமஸ் 1967 ஜனவரி 1 ஆம் திகதி புளோரிடா மாநிலத்தின் மியாமியில் பிறந்தவர். தந்தை ரொபேர்ட் ஜேம்ஸ் தோமஸ் அமெரிக்க விமானப்படையில் பி-52 குண்டுவீச்சு விமானத்தின் துணை விமானி. 1972 டிசம்பரில் பாரிஸ் பேச்சுவார்த்தை முறிந்தபோது, வட வியட்நாமை மீண்டும் மேசைக்குக் கொண்டுவருவதற்காக ஹனோய், ஹைபோங் நகரங்களின் மீது பாரிய குண்டுவீச்சுக்கு ஜனாதிபதி நிக்சன் உத்தரவிட்டார். நிக்சன் உதைபந்தாட்டப் பைத்தியம். அவருடைய காலத்து இராணுவ நடவடிக்கைகளுக்கும் விளையாட்டுப் பெயர்கள் வந்தன. இந்த நடவடிக்கைக்கு வைக்கப்பட்ட பெயர் லைன்பேக்கர் இரண்டு.

முதல் இரவு டிசம்பர் 18. குவாம் தீவிலிருந்து புறப்பட்ட ஒரு பி-52, ஹனோய்க்கு அருகே யென் வியன் புகையிரதத் தளத்தை நெருங்கியபோது தரையிலிருந்து ஏவப்பட்ட ஏவுகணைகளால் தாக்கப்பட்டு விழுந்தது. அந்த நடவடிக்கையில் வீழ்த்தப்பட்ட முதலாவது பி-52 அதுதான். விமானத்தில் ஆறு பேர். மூவர் பரசூட்டில் குதித்துக் கைதிகளானார்கள். மூவர் வெளியே வரவில்லை. வராதவர்களில் ஒருவர் ரொபேர்ட் தோமஸ். மகன் டெரிக்குக்கு ஆறு வயது நிரம்ப இரண்டு வாரம் இருந்தது.

உயிரோடு பிடிபட்டவர்களில் ஒருவர் ரொபேர்ட் சேர்ட்டன். 1973 இல் விடுதலையாகி, பின்னர் மதகுருவானார். முன்னாள் ஜனாதிபதி ஜெரால்ட் போர்ட் இறந்தபோது இறுதிக் கிரியைகளில் அந்தக் குடும்பத்தோடு நின்றவர் அவர். ஒரே விமானம், ஒரே இரவு. ஒருவர் முதுமை வரை வாழ்ந்தார். மற்றவர் நெடுங்காலம் காணாமல் போனவர் பட்டியலில் ஒரு பெயராக இருந்தார். அவருடைய எச்சங்களை வியட்நாம் பல ஆண்டுகள் கழித்தே திருப்பிக் கொடுத்தது. அந்த இடைப்பட்ட ஆண்டுகள் ஒரு வீட்டில் எப்படிக் கழியும் என்பதை இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களுக்கு நான் எழுதிக் காட்டத் தேவையில்லை.

இந்த இடத்தில் நான் ஒன்றைச் சொல்லாமல் கடந்துபோனால் அது நேர்மையல்ல. பி-52 யாருக்கு மேலே பறந்தது? அந்தப் பதினொரு நாள் தாக்குதலில் 20,000 தொன் அளவிலான குண்டுகள் வீசப்பட்டன. கம் தியன் என்ற நெருக்கமான குடியிருப்புத் தெரு சிதைந்தது. பாக் மாய் வைத்தியசாலையும் தப்பவில்லை. 1,600 க்கும் அதிகமான பொதுமக்கள் கொல்லப்பட்டதாக வட வியட்நாம் கணக்குச் சொல்லியது. ஹனோயின் நடைபாதைகளில் ஒரு ஆள் மட்டும் இறங்கி நிற்கக்கூடிய சீமெந்துக் குழிகள் வரிசையாகப் புதைக்கப்பட்டிருந்தன. அந்தப் படங்களைப் பார்த்தபோது எனக்கு வன்னியில் எங்கள் வளவு மூலையில் இருந்த பங்கர் ஞாபகம் வந்தது. பனங்குற்றியும் மண்மூட்டையும். கிபிர் இரைச்சல் கேட்டால் அம்மா முதலில் தம்பியைத் தூக்கி உள்ளே போடுவா. பிறகு என்னை.

மருமகனுக்கு இதைச் சொன்னேன். அவன் கனடாவில் பிறந்த பிள்ளை, ஒளித்துப் பேசத் தெரியாது. பங்கருக்குள் இருக்கும்போது அந்த விமானம் விழவேண்டும் என்று நினைத்தீர்களா மாமா என்று கேட்டான். ஓம் என்றேன். ஒவ்வொரு தடவையும் நினைத்தேன். விமானத்துக்குள் இருப்பவனுக்கு வீட்டில் ஐந்து வயதில் ஒரு பிள்ளை இருக்கலாம் என்பது ஒரு நாளும் என் மண்டைக்குள் வந்ததில்லை. வரவேண்டிய அவசியமும் அப்போது இருக்கவில்லை.

டெரிக்கின் கதை எனக்கு அந்தப் பிள்ளையின் கதைதான்.

தாய் மியாமியில் அவரை வளர்த்தார். பதின்ம வயதில் பையன் வழிதவறிப் போனான். பொலிஸில் அகப்பட்டு, தவறு செய்த சிறுவர்களுக்கான டேட் மரைன் இன்ஸ்டிடியூட் என்ற இடத்துக்கு அனுப்பப்பட்டான். கடல் சார்ந்த வேலைகளைப் பழக்கிச் சிறுவர்களை நெறிப்படுத்துகிற இடம் அது. தன்னைத் திருப்பியது அந்த இடம்தான் என்று பிற்காலத்தில் அவர் வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டார். புகழ் வந்தபின் பழைய கறையை மறைக்கிற பழக்கம் அவரிடம் இருக்கவில்லை.

பிறகு தென் மியாமி உயர்நிலைப் பள்ளி. அங்கிருந்து 1985 இல் அலபாமா பல்கலைக்கழகம். 1988 ஆம் ஆண்டு பருவத்தில் மட்டும் 27 சாக். நாட்டின் சிறந்த கல்லூரி லைன்பேக்கருக்கான பட்கஸ் விருது அவ்வருடம் அவருக்குக் கிடைத்தது. 1989 இல் தொழில்முறைக் கழகங்கள் புதிய வீரர்களைத் தெரிவு செய்தபோது கன்சாஸ் சிற்றி சீஃப்ஸ் அணி நான்காவது ஆளாக அவரை எடுத்தது. முதல் வருடத்திலேயே சிறந்த புதுமுகத் தடுப்பாட்டக்காரர் விருது.

சீஃப்ஸ் அப்போது தேய்ந்துபோன அணி. முந்திய 17 ஆண்டுகளில் ஒரே ஒரு தடவைதான் இறுதிச் சுற்றுப் போட்டிகளுக்குத் தகுதி பெற்றிருந்தது. மார்ட்டி ஷொட்டன்ஹைமர் பயிற்றுநராக வந்ததும் தோமஸ் வந்ததும் ஒரே வருடம். 1990 முதல் 1995 வரை தொடர்ச்சியாக ஆறு தடவை அந்தச் சுற்றுக்குப் போனார்கள். சம்பியன் கிண்ணம் மட்டும் கிடைக்கவில்லை. தோமஸ் தன் வாழ்நாளில் சூப்பர் போல் ஆட்டம் ஒன்றில் ஆடவே இல்லை.

அவர் ஆடிய காட்சிகளைப் பார்த்தேன். பந்து அசைந்த கணத்திலேயே அவர் ஓடத் தொடங்கிவிடுகிறார். தன்னை மறிக்க நிற்பவர் நூற்று முப்பது கிலோ மனிதன். அவரோடு மல்லுக்கட்டுவதில்லை. வளைவில் சாயும் மோட்டார் சைக்கிள் மாதிரி உடம்பைத் தரைக்குச் சரித்து, வெளிப்பக்கமாகச் சுற்றி, குவாட்டர்பேக்கின் முதுகுப் பக்கத்தால் வருகிறார். ஆளை விழுத்துவதோடு நிற்பதுமில்லை. கையை வீசிப் பந்தைத் தட்டிவிடுவார். பந்து உருண்டால் அது எடுத்தவனுக்குச் சொந்தம்.

1990 நவம்பர் 11. அமெரிக்காவில் அன்று முன்னாள் படையினர் தினம். கன்சாஸ் சிற்றியின் அரோஹெட் மைதானத்துக்குச் சியாற்றில் சீஹோக்ஸ் அணி வந்திருந்தது. தோமஸ் அந்த ஆட்டத்தைத் தந்தைக்கு அர்ப்பணித்தார். அவருக்கு வயது 23.

சியாற்றிலின் குவாட்டர்பேக் டேவ் க்ரீக். அன்று அவரைத் தோமஸ் ஏழு தடவை நிலத்தில் விழுத்தினார். இதுதான் மருமகன் சொன்ன சாதனை. ஆனால் அவன் சொல்லாமல் விட்ட பாதி ஒன்று உண்டு. சீஃப்ஸ் 16, சீஹோக்ஸ் 10 என்ற நிலையில் ஆட்டத்தில் எஞ்சியிருந்தது சில வினாடிகள். கடைசி முறை பந்து க்ரீக்கின் கைக்கு வருகிறது. தோமஸ் மீண்டும் சுற்றி வந்து அவரைப் பிடித்துவிடுகிறார். எட்டாவது சாக். வெற்றி. அரங்கமே எழுந்து நிற்கிறது. எப்படியோ க்ரீக் அந்தப் பிடியிலிருந்து வழுக்கி, தடுமாறி நிமிர்ந்து, பந்தை எறிகிறார். 25 யார் தூரம். போல் ஸ்கான்சி கோட்டுக்குள் பிடித்துவிட்டார். நேரமும் முடிந்தது. 17 க்கு 16. சீஃப்ஸ் தோல்வி.

இந்த விளையாட்டின் வரலாற்றில் எவரும் செய்யாததைச் செய்த நாளிலேயே அவர் தோற்றார். ஏழைப் பற்றி எல்லோரும் கேட்க, கையிலிருந்து நழுவிய எட்டாவதைப் பற்றியே அவர் வருந்தினார் என்பது அந்த நாளை எழுதிய எல்லோரும் குறிப்பிடுகிற விடயம். எனக்கு அது விளங்குகிறது.

அந்தப் பருவத்தில் மொத்தம் 20 சாக் எடுத்தார். அதே 1990 இல் தேர்ட் அண்ட் லோங் என்ற அறக்கட்டளையையும் ஆரம்பித்தார். மூன்றாவது வாய்ப்பு, கடக்கவேண்டிய தூரமோ அதிகம் என்ற இக்கட்டான ஆட்ட நிலைக்கு அவர்கள் சொல்லும் பெயர் அது. நகரத்தின் வறிய பகுதிப் பிள்ளைகளை வாசிக்க வைப்பதுதான் வேலை. விளையாட்டு வீரர்கள் காசோலை நீட்டிப் படம் எடுத்துக்கொள்வதை நாங்களும் நிறையக் கண்டிருக்கிறோம். இவர் சனிக்கிழமைகளில் நூலகத்துக்கே போய், பிள்ளைகளுக்கு நடுவில் இருந்து புத்தகம் வாசித்தார். மறுநாள் ஞாயிறு போட்டி இருக்கும். 1993 இல் சமூக சேவைக்காக அந்த லீக் வழங்கும் அதியுயர் விருது அவருக்குக் கிடைத்தது.

புனிதர் அல்ல. 1998 இல் டென்வர் அணிக்கு எதிரான ஒரு திங்கட்கிழமை இரவு ஆட்டத்தில் நிதானம் இழந்து, எதிரணியின் ஒரே நகர்வுத் தொடரில் மூன்று தடவை ஒழுக்க மீறலுக்காகத் தண்டிக்கப்பட்டார். சொந்த அணியே அவரை ஒரு போட்டிக்கு இடைநிறுத்தியது. நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் பார்த்த அவமானம். அதே வருடத்தின் முதல் போட்டியில்தான் ஓக்லண்ட் அணிக்கு எதிராக ஆறு சாக் எடுத்திருந்தார். 11 பருவங்களில் மொத்தம் 126.5. ஒரு ஆளை இரண்டு பேர் சேர்ந்து விழுத்தினால் ஆளுக்கு அரைவாசி, அதனால்தான் அந்த அரை.

2000 ஜனவரி 23. சீஃப்ஸின் பருவம் முடிந்திருந்தது. சென் லூயிஸில் நடக்கவிருந்த வேறு அணிகளின் முக்கிய போட்டி ஒன்றைப் பார்ப்பதற்காக, இரண்டு நண்பர்களோடு கன்சாஸ் சிற்றி விமான நிலையத்துக்குத் தானே வாகனம் ஓட்டிப் போனார். பனி கொட்டிக்கொண்டிருந்தது. நெடுஞ்சாலையில் வாகனம் வழுக்கிப் புரண்டது. சீற் பெல்ட் போட்டிருந்தவர் சிறு காயங்களோடு தப்பினார். போடாத இருவரும் வெளியே எறியப்பட்டார்கள். ஒருவர் இறந்தார். மற்றவர் தோமஸ். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டு நெஞ்சுக்குக் கீழே அசைவில்லாமல் போனது.

இந்த இடத்தை வாசித்தபோது எனக்கு உண்மையில் கோபம்தான் வந்தது. ஒரு பட்டி. ஒரு வினாடி வேலை. எங்கள் ஊரில் செல் துண்டு பட்டு இடுப்புக்குக் கீழே உணர்விழந்து, இருபது வருடமாகப் படுக்கைப் புண்ணோடு சீவிக்கிறவர்களை நான் அறிவேன். அவர்களுக்குத் தெரிவு இருக்கவில்லை.

மியாமியில் ஜக்சன் மெமோரியல் வைத்தியசாலையில் சிகிச்சை பெற்றார். பிறந்த ஊர், பக்கத்தில் தாய். பெப்ரவரி 8 ஆம் திகதி காலை, பயிற்சிச் சிகிச்சைக்குக் கொண்டு போவதற்காகக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றிக்கொண்டிருந்தபோது, தாயோடு ஏதோ கதைத்தபடியே நினைவிழந்தார். இரத்தக்கட்டி நுரையீரலில் போய் அடைத்திருந்தது. முள்ளந்தண்டு அடிபட்டு அசையாமல் கிடப்பவர்களுக்கு வரக்கூடிய ஆபத்து அது. வயது 33.

இறுதிச் சாசனம் எழுதி வைத்திருக்கவில்லை. ஏழு பிள்ளைகள். தகப்பன் இல்லாமல் வளர்வது எப்படியென்று தெரிந்த மனிதர், அதே நிலையில் ஏழு பேரை விட்டுப் போனார். வாகனத்தைத் தயாரித்த நிறுவனத்துக்கு எதிராகக் குடும்பம் வழக்குப் போட்டது. 2004 இல் ஜூரி சபை அதை நிராகரித்தது.

வொஷிங்டனில் வியட்நாம் போர் நினைவுச் சுவரில் 58,000 க்கும் அதிகமான பெயர்கள் கருங்கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. ரொபேர்ட் தோமஸின் பெயரும் அதில் இருக்கிறது. மகனின் பெயர் 2009 இல் ஒஹையோவின் கன்டன் நகரில் உள்ள உதைபந்தாட்டப் புகழ்மண்டபத்தில் சேர்க்கப்பட்டது. அதே வருடம் சீஃப்ஸ் அணி 58 ஆம் இலக்கத்தை நிரந்தரமாக ஓய்வுக்கு அனுப்பியது. அந்த அணியில் இனி ஒருவரும் அதைப் போட்டு விளையாட முடியாது. மருமகனுடையது பழைய துணிக் கடையில் பத்து டொலருக்கு வாங்கியது. நான் புறப்பட்ட அன்று அக்கா அதைத் தோய்த்து, உட்பக்கம் வெளியே தெரியக் காயப்போட்டிருந்தா.