பிளாங்க்கில் வந்த பீக்: கே.எஸ். கிருஷ்ணன் கதை

மக்களே, முதல்ல எங்க அசட்டுத்தனத்தைச் சொல்லிடறேன். அப்புறம் பெரிய மனுஷர் கதைக்குப் போகலாம்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்காக நாங்க மூணு பேர் தண்ணியில செம்பு அயனியைக் கண்டுபிடிக்கிற ஒரு ஒளிரும் மூலக்கூறை வைத்து வேலை பார்த்தோம். கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட்ல பிஎச்டி பண்ற அக்கா ஒருத்தர் கொடுத்த மூலக்கூறு அது. செம்பு வந்து ஒட்டிக்கொண்டால் நீல ஒளி கூடணும், அவ்வளவுதான் கான்செப்ட். சாம்பிளுக்காக கும்மிடிப்பூண்டி லோக்கல் பிடிச்சு மீஞ்சூர்ல இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் காட்டுப்பள்ளி போனோம். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் கழிமுகத் தண்ணி, தூரத்தில் துறைமுகத்துக் கிரேன்கள். ஆறு பாட்டில் நிரப்பிக்கொண்டு திரும்பினோம்.

லேபில் 350 நானோமீட்டர் ஒளி கொடுத்ததும் 397-க்குப் பக்கத்தில் அழகா ஒரு பீக். குதிச்சோம். அன்னைக்கு ராத்திரியே பிபிடி ரெடி. மறுநாள் அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க: பிளாங்க் ஓட்டினீங்களா? எங்க மூலக்கூறும் இல்லாத, காட்டுப்பள்ளித் தண்ணியும் இல்லாத, வெறும் டிஸ்டில்டு வாட்டரை வைத்தோம். அதே 397. அதே பீக்.

அது எங்க மூலக்கூறு இல்லை, செம்பும் இல்லை. தண்ணியோட ராமன் சிதறல். அந்தச் சிரிப்பும் அழுகையும் அடங்கின பிறகு அக்கா ஒரு பேர் சொன்னாங்க. நாங்க செஞ்ச அதே தப்புக்கு எதிர்ப்பக்கத்தில் நின்ற ஒருத்தர். ஒளிர்வுன்னு எல்லாரும் நினைச்ச ஒண்ணு ஒளிர்வே இல்லைன்னு கண்ணால் பார்த்து உறுதி செய்தவர். கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன், சுருக்கமா கே.எஸ். கிருஷ்ணன்.

1898 டிசம்பர் 4 அன்று மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள வத்திராயிருப்பில் பிறந்தார். இன்றைக்கு அது விருதுநகர் மாவட்டம். அப்பா விவசாயி, தமிழும் வடமொழியும் கற்றவர். பையனுக்கும் இரண்டு மொழிகளிலும் ஈடுபாடு கடைசி வரை குறையவில்லை. ஊரிலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பள்ளிப் படிப்பு, மதுரை அமெரிக்கன் கல்லூரி, பிறகு சென்னை கிறித்துவக் கல்லூரி. அந்தக் கல்லூரி அப்போது தாம்பரத்தில் இல்லை, பாரிமுனைப் பக்கம் இருந்தது.

டிகிரி முடித்ததும் அங்கேயே வேதியியல் துறையில் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை. இதைக் கவனிங்க. இயற்பியல் மேதை என்று நாம் படிக்கிற மனுஷர் வேலையை ஆரம்பித்தது கெமிஸ்ட்ரி லேபில். மதிய இடைவேளையில் அவர் ஒரு கூட்டம் நடத்துவார். இயற்பியல், வேதியியல், கணக்கு எதிலும் யாரும் எதையும் கேட்கலாம். சிலபஸ் கிடையாது, அட்டெண்டன்ஸ் கிடையாது. வேற காலேஜ் பசங்களும் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். சோற்றுக்குப் போகிற நேரத்தில் பசங்க கெமிஸ்ட்ரி கேட்க வந்தார்கள் என்றால், அந்த வாத்தியார் எப்படி இருந்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

1920-இல் கல்கத்தாவுக்குக் கிளம்பினார். அங்கே சி.வி. ராமன் இருந்தார். 1923 இறுதியில் பவ்பஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ராமனின் ஆய்வுக் குழுவில் சேர்ந்தார்.

அந்தக் குழு திரவங்களுக்குள் ஒளியைச் செலுத்தி, அது எப்படிச் சிதறுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தது. அதில் ஒரு தொந்தரவு. 1923-இல் கே.ஆர். ராமநாதன் தண்ணீரை வைத்துப் பார்த்தபோது, உள்ளே போன நிறம் இல்லாமல் வேறு நிறத்தில் மங்கலாக ஒரு ஒளி வந்தது. தண்ணீரில் ஏதோ அழுக்கு இருக்கிறது, அது ஒளிர்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். வெற்றிடத்தில் மெதுவாகத் திரும்பத் திரும்பக் காய்ச்சி வடித்தும் அது போகவில்லை. மங்கலான ஒளிர்வு என்று பேர் வைத்து விட்டுவிட்டார்கள். நாங்க 397-ஐப் பார்த்து ஒளிர்வுன்னு நினைச்ச மாதிரியேதான்.

ஒளிர்வு என்றால் என்ன? ஒரு மூலக்கூறு ஒளியை விழுங்குகிறது. சில நானோ வினாடி வைத்துக்கொள்கிறது. கொஞ்சம் ஆற்றலைச் சூடாக விட்டுவிட்டு, மீதியை வேறு நிறத்தில் துப்புகிறது. டானிக் வாட்டரில் புற ஊதா டார்ச் அடித்தால் நீலமாக மின்னுவது இதனால்தான், அதில் இருக்கும் குயினின் செய்கிற வேலை. சிதறல் அப்படி இல்லை. அதில் விழுங்கி வைத்துக்கொள்வது இல்லை, வந்த கணமே திரும்புகிறது. நானோ வினாடி என்பது நமக்கு ஒன்றுமில்லை. ஆனால் தண்ணி மாதிரி இளகிய திரவத்தில் ஒரு சின்ன மூலக்கூறு பல தடவை புரண்டு படுக்க அது போதும். அப்படிப் புரண்டால் முனைவாக்கம் அழிந்துவிடும். அதாவது, வெளியே வருகிற ஒளி ஒரே தளத்தில் அதிராமல் எல்லாப் பக்கமும் கலந்துவிடும். ஆக, இளகிய திரவத்திலிருந்து வரும் மங்கல் ஒளி முனைவாக்கத்தோடு வந்தால் அது சாதாரண ஒளிர்வாக இருக்க முடியாது.

இங்கே இன்னொருத்தரையும் சொல்லணும். எஸ். வெங்கடேஸ்வரன். அலிப்பூர் அரசுச் சோதனைச் சாலையில் வேதியியலாளராக வேலை. ஆபீஸ் முடிந்த பிறகும் லீவு நாளிலும்தான் ராமன் லேபுக்கு வர முடியும். சோதனைக்கு வேண்டியதோ வெயில்! கிளிசரினில் வரும் மங்கல் ஒளி நன்றாக முனைவாக்கம் பெற்றிருக்கிறது என்று முதலில் பார்த்தவர் அவர்தான். ஆனால் கிளிசரின் கெட்டியான சரக்கு. அதற்குள் மூலக்கூறுகள் சீக்கிரம் புரளாது, அதனால் அதில் சாதாரண ஒளிர்வுக்குக் கூட முனைவாக்கம் மிஞ்சலாம். சந்தேகம் தீரவில்லை. பகலெல்லாம் லேபில் நிற்க ஓர் ஆள் தேவைப்பட்டது. கொஞ்ச காலமாகக் கோட்பாட்டுப் பக்கம் மூழ்கியிருந்த கிருஷ்ணனை ராமன் மறுபடி சோதனைக்கு இழுத்தார்.

1928 பிப்ரவரி முதல் வாரம். அந்த நாட்களைக் கிருஷ்ணன் டைரியில் எழுதி வைத்தார். அதனால்தான் நமக்கு இவ்வளவும் தெரிகிறது. முதலில் ஆந்த்ரசீன் ஆவி. பளிச்சென்று ஒளிர்ந்தது, முனைவாக்கம் துளியும் இல்லை. அது அசல் ஒளிர்வு. பிப்ரவரி 7 அன்று சுத்தமான திரவங்களை ஒவ்வொன்றாக எடுத்தார். எல்லாவற்றிலும் மங்கலான ஒளி, எல்லாமே வலுவான முனைவாக்கத்தோடு. ராமனிடம் போய்ச் சொன்னபோது அவர் நம்பவில்லை.

ராமன் அறைக்குள் வந்தபோது தொட்டியில் ஒரு பென்டேன் குமிழ் இருந்தது. பென்டேன் தண்ணியை விட இளகியது. உள்ளே போகும் சூரிய ஒளியின் வழியில் நீல ஊதா ஃபில்டர். பார்க்கிற கண் பக்கம் பச்சையும் மஞ்சளும் சேர்ந்த ஃபில்டர். ஒன்று விடுவதை இன்னொன்று தடுக்கும். ஆக, நிறம் மாறாத ஒளி கண்ணுக்கு வரவே முடியாது. ஆனாலும் குமிழுக்குள் ஒளித்தடம் தெரிந்தது. இவ்வளவும் ஒளிர்வா என்ற சந்தேகம் ராமனுக்கு. உடனே கண் பக்கம் இருந்த ஃபில்டரை எடுத்து அதையும் உள்ளே போகிற வழியிலேயே வைத்துப் பார்த்தார். தடம் சுத்தமாக மறைந்தது. ஃபில்டர் ஓட்டை இல்லை, திரவம்தான் நிறத்தை மாற்றுகிறது என்பது உறுதி.

அதுதான் அவங்க ஓட்டின பிளாங்க். ஒரு ஃபில்டரை இடம் மாற்றி வைத்தது, அவ்வளவுதான். நாங்க அதைக்கூடச் செய்யாமல் பிபிடி போட்டிருந்தோம்.

அன்று ராத்திரி சாப்பாடு முடிந்து கிருஷ்ணனும் வெங்கடேஸ்வரனும் அறையில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒன்பது மணி சுமாருக்கு ராமனே வீடு தேடி வந்துவிட்டார். காலையில் பார்த்தது ஒளிர்வு இல்லை, இத்தனை நாள் தேடிக்கொண்டிருந்த க்ராமர்ஸ்–ஹைசன்பர்க் விளைவுதான் என்று சொல்லத்தான் அந்த ஓட்டம். வீட்டு வாசலில் நின்றபடியே கால் மணி நேரத்துக்கு மேல் பேசினார்கள்.

பிப்ரவரி 16 அன்று ராமன், கிருஷ்ணன் இருவர் பேரிலும் நேச்சர் இதழுக்கு ஒரு சின்னக் கடிதம் போனது. சுமார் 60 திரவங்களைப் பார்த்திருந்தார்கள். எல்லாவற்றிலும் அந்த விளைவு இருந்தது. மார்ச் 31 இதழில் அது வெளிவந்தது. இதற்கிடையில் பிப்ரவரி 28 அன்று நிறமாலைமானி வழியாகப் பார்த்ததில் புதிய ஒளி தனியாகப் பிரிந்து தெரிந்தது. அந்த நாளைத்தான் நாம் தேசிய அறிவியல் தினமாகக் கொண்டாடுகிறோம்.

1930-இல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் வந்தது. விளைவுக்கும் அவர் பேர்தான். இது நியாயமா என்ற விவாதம் இன்றும் நடக்கிறது. என் கருத்தைக் கேட்டால், பல வருஷம் அந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர் ராமன், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த வாரம் தொட்டி முன்னால் நின்ற கண்கள் கிருஷ்ணனுடையவை. இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்ல இன்னொன்றை மறைக்க வேண்டியதில்லை. வெங்கடேஸ்வரன் பேர் நம்ம புத்தகத்தில் எங்குமே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

கிருஷ்ணன் உட்கார்ந்து புலம்பவில்லை. 1928 டிசம்பரிலேயே டாக்கா பல்கலைக்கழகத்துக்கு ரீடராகப் போய்விட்டார். சத்யேந்திரநாத் போஸ் இருந்த துறை அது. அங்கே முற்றிலும் வேறு வேலை, படிகங்களின் காந்தப் பண்பு. மெல்லிய குவார்ட்ஸ் இழையில் ஒரு சின்னப் படிகத்தைத் தொங்கவிட்டு, காந்தப் புலத்தில் அது எவ்வளவு முறுக்கிக்கொள்கிறது என்று அளந்தார். படிகத்துக்குள் தட்டையான மூலக்கூறுகள் எந்தப் பக்கம் சாய்ந்து படுத்திருக்கின்றன என்று அந்த முறுக்கிலிருந்தே சொல்ல முடிந்தது. எக்ஸ்ரே ஆய்வில் பெயர் பெற்ற காத்லீன் லான்ஸ்டேலும் அவரும் சேர்ந்து இதைப் பற்றி 1936-இல் கட்டுரை எழுதினார்கள்.

1933-இல் ராமன் பெங்களூர் போக, கிருஷ்ணன் கல்கத்தாவுக்கு மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியராகத் திரும்பினார். ஆந்த்ரசீன் போன்ற படிகங்களின் நிறத்தையும் ஒளிர்வையும் அங்கே ஆராய்ந்தார். தட்டையான, வளையம் வளையமான மூலக்கூறு ஏன் ஒளிர்கிறது, எந்தத் திசையில் ஒளியை விழுங்குகிறது என்பதெல்லாம் தெரிந்த பிறகுதான் அதில் ஒரு கொக்கி மாட்டி அயனியைப் பிடிக்கிற கருவியாக மாற்ற முடியும். நம்ம டிபார்ட்மென்ட்ல அக்கா கையில் இருக்கிற மூலக்கூறுக்கும் அந்தக் காலத்து ஆந்த்ரசீன் தூரத்துச் சொந்தம்தான்.

1940-இல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1942-இல் அலகாபாத் பல்கலைக்கழகம். 1946-இல் சர் பட்டம். 1947-இல் டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர். 1948-இல் அணுசக்தி ஆணையம் அமைந்தபோது பாபா, பட்நாகர் ஆகியோரோடு மூன்றாவது உறுப்பினர் இவர். 1954-இல் பத்மபூஷண், 1958-இல் முதல் பட்நாகர் விருது. பதவிகள் குவிந்தாலும் கையை ஆய்விலிருந்து எடுக்கவில்லை. மின்சாரத்தில் சூடாகும் கம்பியின் நீளம் முழுக்க வெப்பநிலை எப்படிப் பரவுகிறது என்ற நம்ம இன்ஜினியரிங் கணக்கைக்கூட 1950களில் போட்டுக்கொண்டிருந்தார். 1961 ஜூனில் காலமானார். அந்த ஆய்வகம் இருக்கிற டெல்லிச் சாலைக்கு இன்று அவர் பேர்.

சரி, எங்க கதை? அக்கா சொன்னபடி 350-க்குப் பதில் 370 கொடுத்துப் பார்த்தோம். பீக் 397-இல் இருந்து 423-க்கு நகர்ந்தது. ஒளிர்வா இருந்தால் அதே இடத்தில் நின்றிருக்கும். ராமன் சிதறல், கொடுக்கிற ஒளிக்குப் பின்னாலேயே ஒரே ஆற்றல் இடைவெளி விட்டு நகரும். பிளாங்க்கைக் கழித்த பிறகு காட்டுப்பள்ளி சாம்பிளில் எங்க மூலக்கூறு காட்டினது ரொம்பச் சின்ன மேடு. செம்பு இருக்குன்னு அடித்துச் சொல்ல அது போதாது.

ரிவ்யூவுக்கு முதல் நாள் ராத்திரி அந்த ஸ்லைடை டெலீட் பண்ணினோம். மனசு வலிச்சுது, பொய் சொல்லமாட்டேன். அந்த இடத்தில் பிளாங்க்கின் படத்தைப் போட்டோம். மார்க் கொஞ்சம் குறைஞ்சுது. ஆனா இப்போ ஜூனியர்ஸ் யாராவது லேபுக்கு ஓடி வந்து பீக் வந்துடுச்சுன்னு கத்தினா, நாங்க மூணு பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறோம்.